இரண்டு பேருக்கு ஸ்லோ குக்கர்: நவம்பர் மாதச் சமையலுக்கு முழுமையான வழிகாட்டி

நானும் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருக்கிறோம். ஒக்ரோபர் கடைசியில் மரங்கள் இலை கொட்டத் தொடங்கினால் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டி, அலுமாரியிலிருந்து இறங்கிவிடும். பிறகு ஏப்ரல்வரை குசினி மேசையில்தான் இருக்கும். இப்படி ஆறு வருடமாகச் சமைக்கிறேன். பிள்ளைகள் தனியே போய், இரண்டு பேராக இருக்கிற எட்டுப் பத்து வீடுகளில் பக்கத்தில் நின்று பழக்கியும் இருக்கிறேன். எல்லா வீட்டிலும் கண்டது அநேகமாக ஒரே பிழைகள்தான்: சட்டி பெரிது, தண்ணீர் அதிகம், தொடங்கினது பிந்தி.

இந்த மூன்றையும் தவிர்க்கும்படிதான் கீழே உள்ள படிகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். முதல் கிழமை வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கை பழகியபின் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. சாப்பிடும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள்? அதை முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அப்போதுதான் காலையில் எத்தனை மணிக்கு சுவிட்சைப் போடுவது என்று தெரியும்.

ஒன்ராறியோவில் நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு ஒரு மணி நேரம் பின்னே போகிறது. மாத நடுவில் ரொறன்ரோவில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டினால் பசி வருகிறது, களைப்பும் வருகிறது. அதுவும் மணிக்கூடு மாறிய முதல் கிழமை, வயிறு பழைய நேரத்தில்தான் இருக்கும், 5.30க்குச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு 4.30க்கே பசிக்கும். அந்தக் கிழமை மட்டும் எல்லாவற்றையும் அரை மணி முன்னுக்கு எடுங்கள். சாப்பாட்டோடு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். சாப்பாடு ஆயத்தமில்லாமல் பிஸ்கட்டைத் தின்று நேரத்தைப் போக்குவது நீரிழிவுக்காரருக்கு நல்லதல்ல.

எங்கள் வீட்டில் சாப்பாடு 5.30க்கு. எலும்போடு ஆட்டிறைச்சி என்றால் காலை 9 மணிக்குத் தொடங்குவேன். கோழி என்றால் 12 மணிக்குத் தொடங்கினாலும் போதும். காலையில் வைத்தியரிடம் போகவேண்டிய நாளில் எங்களுக்கு எப்போதும் கோழிதான்.

குக்கரின் சுவிட்சில் உள்ள லோ (குறைந்த சூடு), ஹை (கூடிய சூடு) இரண்டும் முடிவில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போகின்றன, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை அந்தச் சூட்டை விரைவாக எட்டும், லோ மெதுவாக எட்டும். ஆகவே ஹையில் ஒரு மணி நேரத்தை லோவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகக் கணக்கு வையுங்கள்.

2. சட்டி இரண்டு பேருக்கு ஏற்றதா என்று பாருங்கள்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 6 குவாட் சட்டி, அதாவது ஐந்தரை லீற்றருக்கு மேல். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் வாங்கியது, அல்லது பிள்ளைகள் புதிது வாங்கிவிட்டுத் தந்தது. இரண்டு பேருக்கு 3 அல்லது 3.5 குவாட் போதும்.

காரணம் இதுதான். சூடு சட்டியின் பக்கச் சுவரிலிருந்து வருகிறது. சட்டி பாதிக்குக் குறைவாக இருந்தால் குழம்பு சுவர் ஓரமாக மெல்லிய படையாகப் பரவி வற்றிக் கருகும். என் முதல் நவம்பரில் 6 குவாட் சட்டியில் 400 கிராம் இறைச்சியைப் போட்டேன். நடுவில் சரியாக இருந்தது, ஓரம் முழுக்கக் கறுப்பு வளையம். கருகல் மணம் கறி முழுவதிலும் ஏறிவிட்டது. சட்டி எப்போதும் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்கவேண்டும்.

பெரிய சட்டிதான் இருக்கிறது என்றால் புதிது வாங்க ஓடவேண்டாம். இரட்டிப்பாகச் சமைத்துப் பாதியை ஃப்ரீசரில் வையுங்கள். அல்லது அவணில் வைக்கக்கூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைச் சட்டிக்குள் இறக்கி, அதற்குள் சமையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நிறைந்த பெரிய பீங்கான் சட்டியைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வைத்த இடத்திலிருந்தே அகப்பையால் பரிமாறுங்கள்.

பழைய குக்கர் என்றால் ஒருமுறை சோதியுங்கள். பாதிவரை தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விடுங்கள். மூடியை எடுத்த உடனே சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 85 பாகை செல்சியஸுக்கும் 93க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே என்றால் அந்தக் குக்கரில் இறைச்சி சமைக்கக்கூடாது. அதற்கு மேலே என்றால் அது வேகமாகச் சமைக்கும், நீங்கள் நேரத்தைக் குறைக்கவேண்டும்.

3. முந்தின இரவு செய்யவேண்டியவை

இரவு இருபது நிமிடம் செலவழித்தால் காலையில் அவசரம் இல்லை. நான்கு வேலைகள்தான்.

உறைந்த இறைச்சியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து, பிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு கிலோ பொதி முழுதாக இளக ஒரு நாள் செல்லும், ஆகவே பெரிய பொதியை அதற்கும் முதல் நாளே இறக்கவேண்டும். உறைந்த இறைச்சியை நேரே ஸ்லோ குக்கரில் போடுவதுதான் நான் கண்ட மிக ஆபத்தான பிழை. கிருமிகள் 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் வேகமாகப் பெருகும். உறைந்த கட்டி குக்கரில் பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும்.

கடலை, பயறு, அவரை வகைகளை நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

மரக்கறியை வெட்டி ஒரு டப்பாவிலும் இறைச்சியை வேறொரு டப்பாவிலும் வையுங்கள். எங்கள் வீட்டில் வெட்டுவது இவருடைய வேலை. இரவுச் செய்தி பார்த்துக்கொண்டே கரட், உருளைக்கிழங்கு எல்லாம் வெட்டி முடித்துவிடுவார். வெட்டின உருளைக்கிழங்கு தண்ணீரில் மூழ்கி இருக்கட்டும், இல்லையென்றால் கறுக்கும்.

நான்காவது, எல்லாவற்றையும் பீங்கான் சட்டியிலேயே போட்டு பிரிட்ஜில் வைத்து, காலையில் அப்படியே குக்கரில் இறக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் சூடேற நெடுநேரம் எடுக்கும், திடீர்ச் சூட்டில் வெடிக்கவும் கூடும். சட்டியை இரவே வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.

4. காலை 15 நிமிடம்: வதக்குவது அடுப்பில்தான்

எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடினால் போதும் என்று குக்கர் பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கலாம். நம் கறிக்கு அது சரிவராது. ஸ்லோ குக்கரின் சூடு கொதிநிலையைத் தாண்டாது, எனவே வெங்காயம் அதில் ஒருபோதும் பொன்னிறமாகாது. எட்டு மணி நேரம் வெந்தபின்னும் பச்சை வெங்காய இனிப்பும் தூளின் பச்சை மணமும் அப்படியே நிற்கும். "ஸ்லோ குக்கரில் கறி ருசியில்லை" என்று சொல்பவர்கள் அநேகமாக இந்தப் படியை விட்டவர்கள்தான்.

தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ரம்பை போடுங்கள். வெங்காயத்தைப் போட்டு ஓரம் மண்ணிறமாகும்வரை வதக்குங்கள். இடித்த இஞ்சியும் உள்ளியும் சேர்த்து ஒரு நிமிடம். அடுப்பைக் குறைத்துக் கறித்தூளைப் போட்டு அரை நிமிடம் மட்டும் கிளறுங்கள். யாழ்ப்பாணக் கறித்தூள் ஏற்கனவே வறுத்தது. கூட நேரம் விட்டால் கருகிக் கசக்கும். அப்புறம் இறைச்சியைப் போட்டு, எல்லாப் பக்கமும் நிறம் மாறும்வரை பிரட்டுங்கள்.

இனி முக்கியமான இடம். இறைச்சியைக் குக்கருக்கு மாற்றினபின் (அடுக்கும் வரிசை அடுத்த படியில்) தாச்சியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணிறப் படையைப் பாருங்கள். கறியின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. அரைக் கப் சுடுதண்ணீரை (கோழி என்றால் கால் கப்) ஊற்றி, மர அகப்பையால் சுரண்டி, அதையும் குக்கரில் ஊற்றுங்கள். கறிக்குத் தேவையான தண்ணீரே அவ்வளவுதான்.

நவம்பரில் யன்னல் திறக்க முடியாது. வதக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, குளிருடுப்புகள் தொங்கும் அலுமாரிக் கதவை மூடிவிடுங்கள். கம்பளி உடுப்பில் ஏறிய தூள் மணம் இலேசில் போகாது.

5. அடுக்கும் வரிசை

கிழங்கு வகை கீழே, இறைச்சி மேலே. இது பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அடுப்பில் இறைச்சி வெந்தபின்தான் உருளைக்கிழங்கு போடுவோம். ஸ்லோ குக்கரில் கரட், உருளைக்கிழங்கு, பீற்றூட் எல்லாம் இறைச்சியைவிடப் பிந்தித்தான் வேகும். அடியிலும் ஓரத்திலும் சூடு அதிகம், ஆகவே அவற்றுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். பூசணிக்காய் சீக்கிரம் குழையும். அதைப் பெரிய துண்டாக வெட்டி மேலே வையுங்கள்.

பழப்புளியும் தக்காளியும் முதலில் வேண்டாம். புளிப்பு இருந்தால் கடலையும் கிழங்கும் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும் என்பதை மறக்காதீர்கள். சில நாளில் எட்டு மணி நேரம் கழித்தும் கடலை கல்லுப்போல இருக்கும். புளியையும் தக்காளியையும் கடைசி அரை மணிக்கு ஒதுக்குங்கள்.

6. தண்ணீர்: எல்லோரும் தவறும் இடம்

அடுப்பில் கறி வைக்கும்போது பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடும் என்று நம் கைக்குத் தெரியும், அதற்கேற்ப ஊற்றுவோம். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு, துளியாகித் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுகிறது. போதாததற்கு இறைச்சியும் மரக்கறியும் தங்கள் சாற்றையும் விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா 700 கிராம் ஆட்டிறைச்சிக்கு வழக்கப்படி இரண்டு கப் ஊற்றினார். பின்னேரம் மூடியைத் திறந்தபோது இறைச்சி சாற்றுக்குள் மிதந்தது. "தங்கச்சி, இது கறியோ சூப்போ?" என்று போனில் கேட்டார். அவருடைய கைப்பக்குவத்தில் குறையில்லை. அடுப்புக்கான அளவைக் குக்கருக்குப் பாவித்ததுதான் வினை.

நான் வைத்திருக்கும் அளவு இது: அரைக் கிலோ கோழிக்குக் கால் கப், 700 கிராம் ஆட்டிறைச்சிக்கு அரைக் கப். மரக்கறிக் குழம்புக்கு அடுப்பில் ஊற்றுவதில் பாதி. பருப்பும் பார்லியும் மட்டும் விலக்கு. அவை தண்ணீரைக் குடிக்கும், அவற்றின் அளவைக் கீழே தருகிறேன். ஊற்றுவது எப்போதும் சுடுதண்ணீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடேற இன்னும் அரை மணி நேரம் போகும்.

கூடிவிட்டால் திருத்தலாம். சாற்றை மட்டும் வடித்துத் தாச்சியில் ஊற்றி அடுப்பில் வற்றவிட்டுத் திரும்பச் சேருங்கள். அல்லது வெந்த உருளைக்கிழங்கு இரண்டு மூன்றை அகப்பையால் மசித்துக் கலந்துவிடுங்கள். மூடியை எடுத்துவிட்டு ஹையில் விடுவது மெதுவான வழி, சாப்பாட்டு நேரம் தவறிவிடும்.

7. முதல் ஒரு மணி ஹை, பிறகு லோ, மூடி மூடியபடி

இறைச்சி சமைக்கும்போது முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்து, பிறகு லோவுக்கு மாற்றுங்கள். கிருமி பெருகும் சூட்டைச் சட்டி விரைவாகக் கடந்துவிடும். 9 மணிக்குப் போட்டு 10 மணிக்கு லோவுக்கு மாற்றிவிட்டால் பின்னேரம் 5 மணிவரை அதற்கு உங்கள் கை தேவையில்லை.

இந்த ஏழு மணி நேரத்தில்தான் பெரும்பாலானோர் மூடியைத் திறக்கிறார்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பிவர இருபது முப்பது நிமிடம் எடுக்கும். மூன்று முறை திறந்தால் சாப்பாடு ஒரு மணி நேரம் பிந்தும்.

எங்கள் வீட்டில் மணம் வரத் தொடங்கியதும் இவர் குசினிப் பக்கம் வந்துவிடுவார்.

"இஞ்சேரும், ஒருக்காத் திறந்து பாக்கட்டே?"

"திறந்தீங்கள் எண்டால் ஆறு மணிக்குத்தான் சாப்பாடு."

அதோடு திரும்பிப் போய்விடுவார். கண்ணாடி மூடி என்றால் மேலே விரலால் தட்டிப் பாருங்கள். நீர்த்துளிகள் வழிந்து உள்ளே தெரியும், திறக்கத் தேவையில்லை.

வெளி வேலைகளை 10 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வையுங்கள். வெளிச்சமும் உண்டு, குக்கரும் தன் பாட்டில் இருக்கும். நாங்கள் லோவுக்கு மாற்றியதும் மோலுக்கு நடக்கப் போவோம். குளிரும் வழுக்கலும் இல்லாமல் ஒரு மணி நேரம் நடக்கலாம். மதியம் பாணும் முந்தின நாள் சூப்பும். காய்ந்த நாளாக இருந்தால் ஒன்றரை மணிக்கு இவர் முற்றத்து இலைகளைக் கூட்டிக் காகிதப் பைகளில் அடைப்பார், நான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஈர இலை நிரம்பிய பை பாரமாகும், ஆகவே பாதி நிரம்பினதும் மடித்துவிடுவோம். உள்ளே வந்து கதவைத் திறக்கும்போது வீடு முழுக்கக் கறி மணம். மூன்றரைக்குத் தேநீர்.

8. கடைசி அரை மணி

5 மணிக்கு இறைச்சியைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். எலும்பிலிருந்து கழன்று வந்தால் சரி. கோழி என்றால் பெரிய துண்டின் நடுவில், எலும்பில் படாமல் வெப்பமானியை வையுங்கள். 74 பாகை காட்டவேண்டும். பிறகு ஹைக்கு மாற்றி, இவற்றை இந்த வரிசையில் சேருங்கள்.

முதலில் பழப்புளிக் கரைசல் அல்லது தக்காளி. பத்து நிமிடம் கழித்துத் தேங்காய்ப்பால். காலையிலேயே பாலை ஊற்றினால் எட்டு மணி நேரத்தில் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். பேணியில் வரும் கெட்டிப் பால் அரைக் கப் போதும். கீரை, பச்சைப் பட்டாணி போன்றவற்றையும் இப்போதுதான்.

உப்பைக் காலையில் பாதி, இப்போது மீதி. அதுவும் ருசி பார்த்துப் போடுங்கள். இரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் இந்த இரண்டாவது பாதி பல நாள் தேவைப்படாது. புளிப்பு கொஞ்சம் கூடினால் உப்புக் குறைவு தெரியாது. பரிமாற முன் அரைத் தேசிக்காய் பிழிந்து, புதுக் கறிவேப்பிலை நான்கைந்தைக் கிள்ளிப் போடுங்கள். நெடுநேரம் வெந்த கறியில் பச்சை மணம் எல்லாம் அடங்கிப்போயிருக்கும், இது அதை மீட்கும்.

கறுவா, கராம்பு மட்டும் எதிர்ப்பக்கம். மூடிய சட்டிக்குள் அவற்றின் மணம் கூடிக்கொண்டே போகும். அடுப்பில் போடுவதில் பாதிக்குமேல் போடாதீர்கள்.

9. நாங்கள் மாறி மாறிச் செய்யும் சமையல்கள்

ஆட்டிறைச்சிக் கறி: எலும்போடு 700 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஆறு பல், உருளைக்கிழங்கு இரண்டு, கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. கடையில் வெட்டும்போதே தோள்பட்டை அல்லது கால் எலும்புப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். சவ்வுள்ள இறைச்சிதான் நீண்ட நேரம் வெந்து மெத்தென்று வரும். அந்தச் சவ்வு கரைந்து குழம்பையும் தடிப்பாக்கும். கொழுப்பில்லாத தனிச் சதை நார்நாராக வறண்டுபோகும். ஹையில் ஒரு மணி, லோவில் ஏழு மணி.

கோழிக்கறி: எலும்போடு கால் பகுதி 600 கிராம், தோல் நீக்கியது. ஹையில் ஒரு மணி, லோவில் மூன்றரை. நெஞ்சுப் பகுதி வேண்டாம், பஞ்சுபோல ஆகிவிடும்.

பருப்பும் பூசணியும்: மைசூர்ப் பருப்பு ஒரு கப், பூசணித் துண்டு இரண்டு கப், சுடுதண்ணீர் மூன்று கப், மஞ்சள், பச்சைமிளகாய், உள்ளி. ஹையில் மூன்று மணி. கடைசியில் செத்தல்மிளகாய், கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டுங்கள். சோற்றுக்கும் பாணுக்கும் பொருந்தும்.

பார்லி சூப்: பார்லி அரைக் கப், கோழி எலும்பு நான்கைந்து துண்டு, கரட், லீக்ஸ், மிளகு, தண்ணீர் ஐந்து கப். ஹையில் ஒரு மணி, லோவில் ஆறு மணி. எலும்பை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பல் பழுதானவர்களுக்கும், சளி பிடித்த நாளுக்கும் எங்கள் வீட்டில் இதுதான். உப்பு அதிகம் என்பதால் சூப் கட்டி நான் சேர்ப்பதில்லை.

கொண்டைக்கடலைக் கறி: ஒரு கப் கடலையை இரவு ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுப்பில் புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்துப் போடுங்கள். கடலை மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர். ஹையில் நான்கு மணி.

சிவப்பு ராஜ்மா பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. அரைவேக்காட்டில் நச்சு கூடவும் செய்யும். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டபின்தான் குக்கருக்கு மாற்றவேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது. நான் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறேன். பேணியில் வரும் ராஜ்மா ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

மீனும் இறாலும் இதற்கு வேண்டாம். பத்து நிமிடத்தில் வேகும் பொருளை அடுப்பிலேயே வையுங்கள்.

10. மின்சாரம் பற்றி இரண்டு விஷயம்

3.5 குவாட் குக்கர் ஏறக்குறைய 200 வாட்தான் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிற்றைத் தாண்டாது. ஒன்ராறியோவில் நேரக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு நவம்பர் 1 முதல் கிழமை நாட்களில் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7 விலை கூடிய நேரம். இதை நினைத்து ஒரு வீட்டில் இரவு 11 மணிக்குக் குக்கரைப் போட்டு, காலை 7 மணிக்கு வார்மில் (வெந்ததைச் சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலை) வைத்து, மாலைவரை அப்படியே விட்டார்கள். மிஞ்சியது சில சதம். இறைச்சி உதிர்ந்து தூளாகிவிட்டது. வார்மில் நான்கு மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள். பணத்தை மிச்சம்பிடிக்க நினைத்தால் சனி, ஞாயிறில் இரட்டிப்பாகச் சமையுங்கள், அந்த இரண்டு நாளும் முழு நாளும் விலை குறைவு.

அடுத்தது மின்தடை. நவம்பரில் காற்றும் உறைமழையும் வரும். திருகும் சுவிட்ச் உள்ள குக்கர் மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கிவிடும், எவ்வளவு நேரம் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே போய் வந்ததும் முதலில் அடுப்பில் உள்ள மணிக்கூட்டைப் பாருங்கள். 12.00 என்று மின்னிக்கொண்டிருந்தால் மின்சாரம் நின்றிருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த உணவைக் கொட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது நின்றால், காஸ் அடுப்பு இருப்பவர்கள் உடனே அதில் ஏற்றிச் சமைத்து முடிக்கலாம்.

குக்கரின் வயரை நேரே சுவரில் செருகுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

11. மிச்சத்தை வைப்பது

சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தைச் சட்டியோடு பிரிட்ஜில் வைக்காதீர்கள். தடித்த பீங்கான் சூட்டை மணிக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிடுங்கள், அதற்கு மேல் வைக்கவேண்டியதை அன்றே ஃப்ரீசரில் போடுங்கள். மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, கறியின் பெயரும் திகதியும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கறியும் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

ஒரு டப்பாவில் இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு உள்ளது மட்டும். சூடாக்குவது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ, ஆவி பறக்கும்வரை. ஸ்லோ குக்கரில் பழைய கறியைச் சூடாக்கக்கூடாது, அது மெதுவாகச் சூடேறும் நேரமே கிருமிக்குப் போதும்.

இப்படிச் செய்தால் கிழமையில் மூன்று நாள் சமைத்தால் போதும். மற்ற நாட்களில் ரைஸ் குக்கரில் சோறு, ஒரு சுண்டல், ஒரு சம்பல்.

12. கழுவுவது

சுவிட்சை நிறுத்தி, வயரைக் கழற்றி, சட்டி ஆறும்வரை காத்திருங்கள். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். நான் பழக்கிய வீடுகளில் இரண்டு சட்டிகள் அப்படித்தான் போயின. ஆறினதும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் ஊற்றி அரை மணி விட்டால் ஓரத்து வளையம் தானாகக் கழன்றுவிடும். இரும்புத் தேய்ப்பான் வேண்டாம். வெளிச் சட்டியைத் தண்ணீரில் போடவே கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள்.

சட்டியைத் துடைத்து மேசையில் கவிழ்த்துவிட்டு, நாளைக்கு எதைச் சமைப்பது என்று பாருங்கள். கடலை என்றால் இப்போதே ஊறப்போடவேண்டும்.